பகடையும் பாய்ச்சலும்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகன் கோட்டை மதிலின்மேல் நிற்கிறான். கீழே அகழி. பின்னால் உருவிய வாளுடன் பகைவர்கள் ஓடி வருகிறார்கள். அவன் அக்கரைக்குப் பாய்ந்துவிட வேண்டும் என்று ஆசிரியன் நினைத்துவிட்டால் போதும், பாய்ந்து விடுவான். அகழியின் அகலம் எத்தனை அடி, இடையில் தொங்கும் வாளின் கனம் என்ன, முதல் நாள் இரவு அவன் சாப்பிட்டானா இல்லையா என்றெல்லாம் எந்த வாசகரும் கேட்பதில்லை. கேட்கக்கூடிய வாசகர் யாராவது இருந்தாலும், 'தொடரும்' என்று போட்டு ஒரு வாரம் தப்பித்துக் கொள்ளலாம்.

இப்படிக் கேட்பதையே முக்கிய காரியமாகக் கொண்ட ஓர் ஆட்டம் உலகத்தில் இருக்கிறது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் வாள் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கன்னக்கோல் திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கொள்கிறார்கள். இன்னொருவர் கதையை நடத்திச் செல்லும் மத்தியஸ்தர். "எதிரே பதினைந்து அடி அகலத்தில் ஒரு பள்ளம். என்ன செய்கிறாய்?" என்று அவர் கேட்கிறார். "தாண்டுகிறேன்" என்கிறான் வீரன். தாண்டினானா, விழுந்தானா? அதை யார் சொல்வது?

அதைச் சொல்வதற்கு ஒரு விதி வேண்டும். அந்த விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதோடு, மனித உடம்பு உண்மையில் எப்படி நடந்து கொள்ளுமோ அதற்கு ஒத்ததாகவும் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இதற்கு விடை தேடிப் படைத் தளபதிகளும், நாவலாசிரியர்களும், பிரம்பு வாள் சுழற்றிய கலிபோர்னியா இளைஞர்களும் பட்ட பாடு இரண்டு நூற்றாண்டுக் கதை.

நம் வீட்டுத் திண்ணைகளிலேயே இந்த வழக்கின் வாதியும் பிரதிவாதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று சதுரங்கம், மற்றொன்று தாயம். சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. காலாள் யானையின் கட்டத்தில் கால் வைத்தால் யானை செத்தது செத்ததுதான். அதன் துதிக்கை சும்மா இருந்ததா என்ற கேள்வி கிடையாது. தாயத்திலோ எல்லாம் கட்டையின் கருணை. தாயம் விழாமல் காய் இறங்காது. எத்தனை பெரிய மேதாவியானாலும் உட்கார்ந்து உருட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான். உடம்பின் திறமை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அது எங்கே என்பதுதான் கேள்வி.

நம் நாட்டிலிருந்து பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சதுரங்கம், ஜெர்மனியில் ஒரு புது அவதாரம் எடுத்தது. பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்பவர் 1780-ம் ஆண்டில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட பலகையில் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு யுத்த ஆட்டத்தை அமைத்தார். ஆனால் சதுரங்கத்தின் குணம் போகவில்லை. அடித்தால் சாவு நிச்சயம்.

அந்தக் குணத்தை மாற்றியவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ஒரு தகப்பனும் மகனும். தகப்பனார் ரைஸ்விட்ஸ் 1812-ம் ஆண்டில் பிரஷ்ய மன்னருக்காக ஒரு யுத்த மேஜையே செய்து கொடுத்தார். பீரங்கிப் படை அதிகாரியாயிருந்த மகன் 1824-ம் ஆண்டில் அந்த ஆட்டத்தைத் தேச வரைபடத்தின்மேல் ஆடும்படி திருத்தி, விதிப் புத்தகம் வெளியிட்டார். கட்டங்கள் போய்விட்டன. கட்டளைகளை நிறைவேற்ற ஒரு மத்தியஸ்தர் வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பகடை வந்தது.

பகடை வந்ததென்றால், தாயக் கட்டையைப் போல் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. துப்பாக்கியால் சுட்டால் எந்தத் தூரத்தில் எத்தனை குண்டு படும் என்று தளபதி ஷார்ன்ஹார்ஸ்ட் உண்மையான துப்பாக்கிகளைக் கொண்டு சோதனை செய்து எழுதி வைத்திருந்தார். அந்தக் கணக்குகளை இளைய ரைஸ்விட்ஸ் பகடையின் முகங்களில் ஏற்றினார். பயிற்சி மைதானத்தில் சுடும் சிப்பாய் வேறு, எதிரி சுடும்போது திருப்பிச் சுடும் சிப்பாய் வேறு என்பது அவருக்குத் தெரியும். அதனால் நல்ல பலன், மோசமான பலன் இரண்டுக்கும் இடம் வைத்தார். மனிதனுடைய திறமையை அளந்து பார்த்து, அளவுக்கு அடங்காத மிச்சத்தை மட்டும் பகடைக்கு விட்டது அந்த ஆட்டம். பின்னால் வந்த எல்லா விதிகளுக்கும் இதுவே பிள்ளையார் சுழி என்று சொல்லலாம். பிரஷ்யப் படைத் தலைமை இதை ஆட்டம் என்று கருதவில்லை; யுத்தப் பயிற்சி என்று கருதிப் படைப்பிரிவுகளுக்கெல்லாம் சிபாரிசு செய்தது.

விதி என்று ஒன்று பிறந்தால் அதற்குக் குட்டி விதிகளும் பிறக்கும் அல்லவா? அட்டவணைகள் பெருகின. ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குக் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் ஆடுகிறவர்களுக்குக் கொட்டாவி வந்தது. 1873-ல் மெக்கெல் என்ற அதிகாரி இதைக் குறை கூறி எழுதினார். 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி ஒரே போடாகப் போட்டார். பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். போர் கண்ட அநுபவசாலி ஒருவர் மத்தியஸ்தராக உட்கார்ந்து, 'இது நடக்கும், இது நடக்காது' என்று சொன்னால் போதும் என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் மத்தியஸ்தர் எப்பேர்ப்பட்டவர் என்பதைப் பொறுத்தது அது. இதற்கு ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. 1942-ம் ஆண்டு மே மாதத்தில், மிட்வே தீவைத் தாக்குவதற்கு முன்னால், ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் யாமாட்டோ கப்பலில் அந்தப் போரை மேஜைமேல் ஆடிப் பார்த்தார்கள். அமெரிக்க விமானங்கள் குண்டு வீசும் கட்டம் வந்தது. பகடை உருட்டினார்கள். ஒன்பது குண்டுகள் பட்டன. அகாகி, காகா என்ற இரண்டு விமானம் தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்று கணக்கு. தலைமை மத்தியஸ்தராயிருந்த உகாகி ஒன்பதை மூன்றாக்கினார். அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்டத்தில் கடலிலிருந்து எழுந்து வந்து ஆட்டத்தில் சேர்ந்து கொண்டது! அப்போது கடற்படையில் இருந்த புச்சிதாவும் ஒகுமியாவும் பின்னாளில் எழுதிய புத்தகம் இதைச் சொல்லுகிறது. ஒரு மாதம் கழித்து, ஜூன் மாதத்தில், உண்மையான மிட்வேயில் அகாகி, காகா உள்பட நாலு கப்பல்கள் கடலுக்கடியில் போயின. அங்கே ஒன்பதை மூன்றாக்குவதற்கு யாரும் இல்லை.

ஆக, அட்டவணையை மட்டும் நம்பினால் ஆட்டம் சாகிறது. மத்தியஸ்தரை மட்டும் நம்பினால் உண்மை சாகிறது.

இதற்கிடையில் ஒரு நாவலாசிரியர் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டியிருந்தார். எச். ஜி. வெல்ஸ் 1913-ல் சின்னஞ்சிறு யுத்தங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய ஆட்டத்தில் சுடுவதற்குப் பகடை கிடையாது. வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குண்டை நிஜமாகவே சுட வேண்டும். தகரச் சிப்பாய் விழுந்தால் விழுந்தான், நின்றால் நின்றான். தரையில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்த பெரிய மனிதர்களைக் கற்பனை செய்து பாருங்கள்! ஆட்டத்தில் வரும் திறமைக்கு ஆடுகிறவருடைய சொந்தத் திறமையையே அளவாக வைத்துவிட்டார் வெல்ஸ். இதைவிட உண்மையான விதி வேறு இருக்க முடியாது. ஆனால் இந்த உண்மைக்கு ஒரு விலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். நான் முதலில் வர்ணித்த மேஜை ஆட்டங்களுக்கெல்லாம் தாய் இதுதான். படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு மனிதனாக ஆடும் வழக்கம் இதனால்தான் பரவியது. அந்த மனிதனுக்கு பலம், சுறுசுறுப்பு, தேக திடம், அறிவு முதலிய ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டி மதிப்புப் போட வேண்டும். ஆனால் யுத்த ஆட்டத்தின் வயிற்றில் பிறந்த குழந்தையாதலால் சண்டைக்குத்தான் விதிகள் விரிவாக இருந்தன. ஏறுவது, தாண்டுவது, நீந்துவது எல்லாம் பெரும்பாலும் மத்தியஸ்தரின் சித்தம்.

மறு வருஷமே திருடன் வந்து சேர்ந்தான். அவனுக்கு மட்டும் சுவர் ஏறவும், பூட்டுத் திறக்கவும், ஓசையின்றி நடக்கவும் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு வைத்தார்கள். 1978-ல் வந்த விதிப்படி, தொழிலுக்குப் புதிய திருடன் சுவர் ஏறினால் நூற்றுக்கு 85 தடவை வெற்றி. இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. திருடனுக்கு விதி எழுதியதும், 'அப்படியானால் மற்றவர்களால் ஏறவே முடியாது போலிருக்கிறது' என்று பல மேஜைகளில் முடிவு கட்டிவிட்டார்கள்! அதுவரையில் சுவர் ஏறிக் கொண்டிருந்த வாள் வீரனுக்குத் திடீரென்று கை கால் விளங்காமல் போயிற்று. ஒருவனுக்கு ஒரு திறமையை எழுதிக் கொடுத்தால், எழுதாமல் விட்டவனிடமிருந்து அதைப் பறித்ததாக ஆகிவிடுகிறது. விதி எழுதுகிறவர்கள் எவருமே நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

அடுத்த படி, உடம்பால் அறிந்தவர்கள் எடுத்து வைத்தது. 1966-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து வீட்டுத் தோட்டம் ஒன்றில் சில இளைஞர்கள் பழைய ஐரோப்பிய வீரர்களைப் போல் உடை உடுத்திப் பந்தயச் சண்டை போட்டார்கள். அதிலிருந்து ஒரு சங்கமே வளர்ந்தது. அவர்களுடைய வாள் எதனால் ஆனது என்று நினைக்கிறீர்கள்? பிரம்பு! சிலம்பக்காரர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் பிரம்பின் மகிமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சங்கத்தின் தொடக்க கால அங்கத்தினர் ஸ்டீவ் பெரின். அவரும் நண்பர்களும் 1978-ல் 'ரூன்க்வெஸ்ட்' என்ற ஆட்டத்தை எழுதினார்கள்.

பிரம்படி பட்டவர் எழுதிய விதி என்பது அதைப் படித்தாலே தெரியும். வெட்டுகிறவன் ஒரு முறை பகடை உருட்டுகிறான். தடுக்கிறவனும் தன் திறமைக்கு ஏற்ப ஒரு முறை உருட்டுகிறான். சண்டை என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் காரியம் அல்லவா? அடி எங்கே பட்டது, கையிலா, காலிலா, தலையிலா என்பதற்கும் கணக்கு உண்டு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, திறமை வளர்வதற்கு அவர்கள் வைத்த விதி. ஒரு வித்தையை வெற்றிகரமாகப் பயன்படுத்தியவன்தான் அதில் முன்னேற முயலலாம். அப்போது உருட்டும் பகடை, அவன் ஏற்கெனவே பெற்றிருக்கும் திறமையைத் தாண்டி விழ வேண்டும். கற்றுக்குட்டி சீக்கிரம் முன்னேறுவான். வித்வான் ஒவ்வொரு படிக்கும் தவம் கிடக்க வேண்டும். வீணை கற்றவர்களையும் மல்யுத்தம் பழகியவர்களையும் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு உண்மை என்று.

ஸ்டீவ் ஜாக்ஸன் என்ற மற்றோர் ஆசிரியரும், வாள் சண்டைக்கு விதி எழுத வேண்டி வந்தபோது அதே சங்கத்தில் போய்ச் சேர்ந்து பழகினார். அவர் 1986-ல் வெளியிட்ட 'கர்ப்ஸ்' ஆட்டத்தில் உருட்டுவது மூன்று ஆறுமுகப் பகடைகள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டக்காரர்கள் சண்டையில் உருட்டுவதோ இருபது முகங்கள் கொண்ட ஒரே பகடை. இது வெறும் ருசி பேதம் அல்ல. இருபது முகப் பகடையில் ஒன்று விழுவதற்கும் பத்து விழுவதற்கும் சம வாய்ப்பு. மூன்று பகடையைச் சேர்த்து உருட்டினால் மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் 104 விதம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். மூன்றே மூன்று விழுவது 216-க்கு ஒரு தடவைதான். மனிதன் பெரும்பாலும் தன் சுபாவமான தரத்தில்தான் இருக்கிறான், அபூர்வமாகத்தான் அற்புதமோ அவமானமோ நேர்கிறது என்பதை மூன்று பகடை ஒப்புக்கொள்கிறது.

இப்போது அந்தப் பள்ளத்தின் கரைக்கு வருவோம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கு 2003-ல் வந்த திருத்திய விதிப்படி, ஓடி வந்து தாண்டினால், பகடையில் விழுந்த எண்ணோடு உன் திறமையைக் கூட்டி வருவது எத்தனையோ அத்தனை அடி தாண்டலாம். தனித் திறமை எதுவும் இல்லாத சாதாரண மனிதன் ஒரு தடவை இரண்டடி தாண்டுவான்; அடுத்த தடவை பத்தொன்பது அடி தாண்டுவான்! இப்படி ஒரு மனிதனை நாம் யாராவது பார்த்ததுண்டா?

1968-ம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக் பந்தயத்தில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதற்கு முன் உலகச் சாதனை 8.35 மீட்டர். மைதானமே திகைத்து நின்றது. அந்தச் சாதனை 1991 வரை நிலைத்தது. நீளத் தாண்டல் சரித்திரத்திலேயே பெரிய ஆச்சரியம் என்று அதைச் சொல்லுகிறார்கள். அந்த ஆச்சரியத்தின் அளவு என்ன? 55 சென்டிமீட்டர். பழைய சாதனையில் நூற்றுக்கு ஏழு பங்குகூட இல்லை! உலகத்தை ஒரு தலைமுறைக் காலம் வாய் பிளக்க வைத்த அதிர்ஷ்டத்துக்கு உடம்பு கொடுத்த இடம் அவ்வளவுதான். பகடையோ பீமனைப் போன்ற ஆச்சரியங்களைத் தினம் பத்துத் தடவை மேஜைமேல் உருட்டிவிடுகிறது.

இந்தக் குறை விதியாசிரியர்களுக்குத் தெரியாமல் இல்லை. பரபரப்பில்லாத சமயத்தில் பகடையில் பத்து விழுந்ததாகவே வைத்துக் கொள்ளலாம் என்று 2000-ம் ஆண்டுப் பதிப்பிலேயே ஒரு வழி செய்திருந்தார்கள். 2014-ம் ஆண்டுப் பதிப்பில் பகடையையே எடுத்துவிட்டார்கள்: பத்தடி ஓடி வந்தால், உன் பல மதிப்பு எத்தனையோ அத்தனை அடி தாண்டலாம். 'கர்ப்ஸ்' ஆட்டத்திலும் தாண்டும் தூரம் கணக்குத்தான். இருநூறு வருஷத்துக்கு முன் ரைஸ்விட்ஸ் கண்ட இடத்துக்கே திரும்பி வந்தார்கள். தாண்டுவதும் தூக்குவதும் அளவுக்கு அடங்கியவை. அங்கே பகடைக்கு வேலை குறைவு. அம்பு எய்வதும் வாள் வீசுவதும் எதிரியையும் காற்றையும் கணத்தையும் பொறுத்தவை. அங்கே பகடைக்கு நியாயமான பங்கு உண்டு. நல்ல ஏறுகாரன் சுவர் ஏறும்போது தோற்றால், அநேகமாகக் கீழே விழமாட்டான். நடுவில் வழி தெரியாமல் நின்றுவிடுவான். அங்கே பகடை சொல்ல வேண்டியது அவன் உயிரை அல்ல, அவனுக்குப் பிடித்த நேரத்தை.

விழுவதைப் பற்றியும் ஒரு வழக்கு நடந்தது. பத்தடி உயரத்துக்கு ஒரு பகடை வீதம் காயம் என்பது பழைய விதி. இது பௌதிகத்துக்கு ஒத்ததா என்று 1984-ல் 'டிராகன்' பத்திரிகையில் கட்டுரைக்கு எதிர்க் கட்டுரை எழுதினார்கள். ஒரு கட்சி விழும் வேகத்தைப் பிடித்துக் கொண்டது. மறு கட்சி விழுகிற உடலின் சக்தியைப் பிடித்துக் கொண்டது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், சக்தி உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஆகவே பழைய விதியே அப்படியொன்றும் மோசமில்லை! ஆனால் உண்மை எல்லா விதிகளையும் மீறிச் சிரிக்கும். 1972-ல் செக்கோஸ்லோவாகியாவுக்கு மேலே வெடித்துச் சிதறிய விமானத்திலிருந்து வெஸ்னா வுலோவிச் என்ற பணிப்பெண் பத்தாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து, விமானத்தின் உடைந்த பாகத்தோடு விழுந்து உயிர் பிழைத்தார். எந்த நாவலாசிரியனும் இப்படி எழுதத் துணியமாட்டான்.

'பெரியவர்கள் உட்கார்ந்து ஆடும் பொம்மை ஆட்டத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என்று சிலர் கேட்கலாம். வெல்ஸின் பீரங்கிக்கு ஒரு விலை உண்டு என்றேனே, அதை இப்போது சொல்கிறேன். ஆடுகிறவனின் சொந்தக் கையே அளவு என்றால், கை நடுங்குகிறவனுக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை. கண் மங்கியவனுக்கு இடமில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதவன், பாய்கிற வீரனாக ஒரு மாலைப் பொழுதுகூட இருக்க முடியாது. விதியும் பகடையும் வந்த பிறகுதான், யாரும் யாருடைய உடம்பையும் இரவல் வாங்கிக் கொள்ள முடிந்தது. விளையாட்டு மைதானத்தில் கடைசி ஆளாகக்கூட அழைக்கப்படாத பையன் இந்த மேஜையில் மதில் தாண்டுகிறான். அவன் இரவல் வாங்கிய அந்த உடம்பு நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டும். எதைச் செய்தாலும் வெற்றி என்றால் அது மாயக் கம்பளம். அதில் அவனுக்கு ஒரு பெருமையும் இல்லை. காரணமில்லாமல் இரண்டடியில் விழுந்தால், மைதானத்தில் பட்ட அவமானமே மேஜைக்கும் வந்துவிடும். பள்ளம் உண்மையான பள்ளமாகவும், கால் உண்மையான காலாகவும் இருந்தால்தான் பாய்ச்சல் அவனுடையதாகும்.

ஆகவே நல்ல மத்தியஸ்தர்கள் ஒரு தர்மத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். பள்ளத்தின் அகலத்தை வீரன் ஓடத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். அவசியமில்லாத இடத்தில் பகடையைத் தொடுவதில்லை. உருட்டிவிட்ட பிறகு, ஒன்பது விழுந்தால் அதை மூன்றாக்குவதில்லை. இந்த நாலும் மேஜை ஆட்டத்துக்கு மட்டும் உரிய தர்மங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கதை எழுதுகிறவர்களும் இவற்றை எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்துக் கொள்ளலாம். மதிலின்மேல் நிற்கும் நம் கதாநாயகர்களுக்கு அதனால் சில எலும்புகள் முறியும். ஆனால் அவர்கள் அக்கரை சேரும்போது வாசகர் அதை நம்புவார்.